ஐந்தாம் புத்தகத்தைத் தாண்டிப் போகச் சொல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாசகர்களுக்கு,

ஹாரி பாட்டர் வரிசையைப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளிடம், "நாலு வரைக்கும் படி, அஞ்சாவது ஒரே இருட்டு, அதுக்குப் பதிலா படத்தைப் பார்த்துக்கோ" என்று சொல்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் பெற்றோர் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, இந்தக் கதையை என்னைவிட அதிகம் நேசிப்பவர்களும் உண்டு. கதையின் முக்கியமான இடங்களைத் தொட்டுத்தான் பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

அந்த ஐந்தாம் புத்தகம், 'ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்', 2003 ஜூன் 21 நள்ளிரவில் பிரிட்டன் கடைகளுக்கு வந்தது. நாலாவது புத்தகம் வந்து ஏறக்குறைய மூன்று வருடம் ஆகியிருந்தது. பிரிட்டன் பதிப்பு 766 பக்கம், அமெரிக்கப் பதிப்பு 870 பக்கம். அமெரிக்காவில் மட்டும் முதல் நாளிலேயே சுமார் 50 லட்சம் பிரதிகள் விற்றன. அத்தனை ஆவலோடு வாங்கிப் பிரித்தவர்கள் சந்தித்தது, யாரைப் பார்த்தாலும் சிடுசிடுக்கும் பதினைந்து வயதுப் பையனை. அன்று எழுந்த புகார்கள்தான் இன்றும் காதில் விழுகின்றன. ஹாரி எந்நேரமும் கத்துகிறான், நண்பர்கள் மேல் எரிந்து விழுகிறான், படிக்கப் படிக்க மனசு கனத்துப்போகிறது, ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸைச் சாகடித்திருக்க வேண்டாம்.

நீளத்தைப் பற்றிய குறை நியாயம்தான். பள்ளிக் காவலர் ஹாக்ரிடின் அரக்கத் தம்பி வரும் பக்கங்களைச் சுருக்கியிருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அதில் உங்களோடு எனக்குச் சண்டை கிடையாது.

கத்துகிறான் என்கிறீர்களே, அதற்கு வருவோம். நாலாம் புத்தகத்தின் முடிவில், கல்லறைத் தோட்டத்தில், அவன் கண்ணெதிரே சக மாணவன் செட்ரிக் கொல்லப்படுகிறான். அந்த உடலோடுதான் ஹாரி பள்ளிக்குத் திரும்புகிறான். ஐந்தாம் புத்தகம் தொடங்கும்போது அது நடந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கின்றன. தூக்கத்தில் செட்ரிக்கின் பெயரைச் சொல்லிப் புலம்புகிறான், அதைக் கேட்ட பெரியம்மா மகன் டட்லி அதையே வைத்துக் கேலி செய்கிறான். நண்பர்களின் கடிதங்களில் உருப்படியாக ஒரு தகவலும் இல்லை, ஏனென்றால் எதையும் எழுதக்கூடாது என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் அவர்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். பத்திரிகை அவனைப் பொய்யன், புகழுக்கு அலைகிறவன் என்று எழுதுகிறது. மந்திரவாதிகளின் அமைச்சகமோ கொடிய மந்திரவாதி வோல்டமார்ட் திரும்பவே இல்லை என்று சாதிக்கிறது. கூடவே ஒரே அறையில் படுத்துறங்கும் ஷேமஸின் அம்மாகூட மகனை அந்தப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பத் தயங்குகிறார். இதற்கெல்லாம் பிறகும் அவன் பழையபடி சிரித்துப் பேசியிருந்தால், நான்தான் அந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடியிருப்பேன்.

அடுத்து, அமைச்சகம் பள்ளிக்கு அனுப்பிய ஆசிரியை அம்பிரிட்ஜ். "நான் பொய் சொல்லக்கூடாது" என்று திரும்பத் திரும்ப எழுது என்பதுதான் ஹாரிக்கு அவர் தரும் தண்டனை. மை கிடையாது. பேனா தாளில் ஓட ஓட, அதே எழுத்துகள் அவன் வலது புறங்கையில் கீறப்படுகின்றன, தாளில் இறங்குவது அவனுடைய ரத்தம். முதல் வரியிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அவன் ஏதாவது சொல்வானா என்று அம்பிரிட்ஜ் முகத்தைப் பார்க்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருக்கிறான். ஆசிரியை மெக்கானகலிடமும் சொல்லவில்லை, டம்பிள்டோரிடமும் சொல்லவில்லை.

எந்நேரமும் கத்துகிறவன், கத்தவேண்டிய அந்த அறையில் வாயே திறக்கவில்லை. வதைக்கப்படும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். நெருங்கியவர்களிடம் எரிந்து விழுவார்கள், வதைக்கிறவரைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். நண்பர்கள் ரானிடமும் ஹெர்மாயினியிடமும் அவன் வெடிப்பதையும் இந்த மௌனத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அவனைப் புரிந்துகொள்ள முடியும். அந்த நிலைமையில் இருக்கிற ஒரு பிள்ளை இந்தப் பக்கங்களைப் படித்தால், தன்னைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்று அதற்குத் தெரியவரும். அதைத்தான் நீங்கள் "விட்டுடு" என்கிறீர்கள். அடுத்த புத்தகத்தில் புதிய மந்திரி அவனுடைய ஆதரவைக் கேட்டு வரும்போது, ஹாரி பதிலாக அந்தக் கையை உயர்த்தித் தழும்பைக் காட்டுகிறான். ஐந்தாவதைத் தாண்டி வந்த பிள்ளைக்கு அந்தத் தழும்பு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

சிரியஸின் சாவு உங்களில் பலருக்கு ஆறாத கோபம். கடைசி வார்த்தை இல்லை, உடல் இல்லை. ஒரு திரைக்குப் பின்னால் விழுகிறார், அவ்வளவுதான். அர்த்தமில்லாத சாவு என்கிறீர்கள். எனக்கும் அந்தப் பக்கத்தில் பொறுக்க முடியாத வலிதான். ஆனால் அதற்குப் பிறகு வருவதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடியும்போது சிரியஸ் அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். அதைப் பயன்படுத்தினால் தலைமறைவாக இருக்கும் சிரியஸ் வெளியே வந்து மாட்டிக்கொள்வார் என்று பயந்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டிக்குள் போட்டுவிட்டான். எல்லாம் முடிந்த பிறகு அது கையில் கிடைக்கிறது. ஒரு பழைய கண்ணாடி. இதில் என் பெயரைச் சொன்னால் என்னோடு பேசலாம் என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது. சிரியஸ் என்று கூப்பிடுகிறான். அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிறது. இன்னும் கிட்டக் கொண்டுபோகிறான். மங்கல் விலகும்போது தெரிவது அவனுடைய கண்கள்தான். இந்தக் கண்ணாடி கையில் இருந்தது என்று தெரிந்திருந்தால், சிரியஸ் ஆபத்தில் இருக்கிறார் என்று நம்பி அவரைத் தேடி அவன் லண்டனுக்குப் போயிருக்கவே வேண்டாம். துக்கத்தோடு குற்ற உணர்ச்சியும் வந்து சேர்வதை இதைவிடச் சின்னச் சம்பவத்தில் யாராவது காட்டியிருக்கிறார்களா, எனக்குத் தெரியவில்லை.

2007-ல் வந்த படத்தில் இந்தக் கண்ணாடியே இல்லை. மருத்துவமனைக் காட்சியும் இல்லை: தன்னையே யாரென்று அறியாத, ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் அம்மா மகன் கையில் ஒரு சூயிங்கம் காகிதத்தைக் கொடுப்பதும், குப்பையில் போடு என்று பாட்டி சொன்ன பிறகும் அவன் அதைப் பைக்குள் மறைத்துக்கொள்வதும். 138 நிமிடத்தில் அடக்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

இருட்டு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதில் இன்னொரு தவறும் இருக்கிறது. சிரியஸ் போன இரவு, ஹாரி டம்பிள்டோரின் அறையில் கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கி அடித்து நொறுக்குகிறான். அவர் தடுக்கவில்லை, அதட்டவில்லை. உடைத்து முடிக்கும்வரை இருந்து, கடைசியில் தன் மேல்தான் தப்பு என்கிறார், இளமை எப்படி இருக்கும் என்பதை மறந்துபோனேன் என்கிறார். ஒரு பையனின் கோபத்துக்கு முன்னால் பெரியவர் ஒருவர் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகள் வேறு எந்தப் புத்தகத்தில் பார்ப்பார்கள்? அதோடு, சக மாணவி லூனா. காணாமல் போன தன் சாமான்களைத் தேடிக்கொண்டிருந்தவள், ஒன்பது வயதில் தன் அம்மா இறந்ததை இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். ஆறுதல் சொன்ன யாராலும் குறையாத பாரம் அவளோடு பேசிய பிறகுதான் கொஞ்சம் குறைகிறது. இருட்டில் வழியும் இருக்கிறது, ஆனால் 700 பக்கம் கூடவே நடந்தவர்களுக்குத்தான் அது தென்படும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இது சீக்கிரம்தான், மறுக்கவில்லை. அதனிடம் "கொஞ்ச நாள் பொறு" என்று சொல்லுங்கள். "தேவையில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வயது வந்த பிறகு எடுத்தால் நீங்களும் கூடப் படியுங்கள். அழுதால் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். ஹாரி ஏன் இப்படிக் கத்துகிறான் என்று கேட்டால், அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், உனக்கு என்ன தோன்றுகிறது என்று திருப்பிக் கேளுங்கள். நீங்களே பாதியில் வைத்துவிட்டவர் என்றால், வைத்த இடத்திலிருந்து இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஐந்தாம் புத்தகத்தை மிகவும் நேசிக்கும் ஒரு வாசகி