எல்லாம் 'அறிகுறி' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போது 'ஓமன்', 'போர்ட்டென்ட்', 'ஹார்பிஞ்சர்', 'பிரிமோனிஷன்' எல்லாவற்றையும் 'அறிகுறி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உயர்தர வகுப்பு மாணவரும் அதைப் பார்த்தே பழகுகிறார்கள். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

'ஓமன்' என்பது சகுனம். நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதிலிருந்து பிறந்த 'ஓமினஸ்' கெட்டதை மட்டுமே சொல்லும். 'ஓமினஸ் சைலன்ஸ்' என்று வந்தால், ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று அச்சமூட்டும் அமைதி. நல்ல பக்கத்துக்கு உரியது 'ஆஸ்பிஷஸ்'. அதன் இலத்தீன் வேருக்குப் பொருள் 'பறவை பார்த்தல்'. பண்டைய உரோமில் பறவைகள் பறக்கும் விதத்தைப் பார்த்தே அரச கருமங்களைத் தொடங்கினார்கள். நம் சங்கத் தமிழிலும் 'புள்' என்றால் பறவை. நிமித்தத்துக்கும் அதே சொல்தான். இப்படியொரு சொந்தம் இரு மொழிக்கும் இருக்க, 'அறிகுறி' என்று எழுதிவிட்டுப் போவது மனதை வருத்துகிறது.

பல்லி சொல்வதும் பூனை குறுக்கே போவதும் 'போர்ட்டென்ட்' ஆகா. வால்வெள்ளி தோன்றுவதுபோல ஊரே அண்ணாந்து பார்க்கும் பெரிய நிமித்தம் அது. 'உற்பாதம்' என்றால் பொருந்தும். ஆனால் ஒருவரின் பேச்சை 'போர்ட்டென்டஸ்' என்றால், வீண் தோரணையோடு பேசுகிறார் என்று பொருள்.

அதிகம் பிழைபடுவது 'ஹார்பிஞ்சர்'. அரச பரிவாரத்துக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்ய முன்னே போனவரின் பெயர் அது. பின்னால் வருவது நிச்சயம். இது அதற்குக் கட்டியம் கூறுகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் குயில் கூவுவதும் முள்முருக்கு சிவப்பாகப் பூப்பதும் அப்படித்தான். அவற்றைச் சகுனம் என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

'பிரிமோனிஷன்', 'ஃபோர்போடிங்' இரண்டும் மனதுக்குள் நிகழ்பவை, வெளியே அடையாளம் தேவையில்லை. முதலாவது, இன்னது நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே மனதில் படுவது. இரண்டாவது, என்னவென்று தெரியாமலே நெஞ்சைப் பிசையும் கலக்கம்.

வளிமண்டலவியல் திணைக்களம் 75 மில்லிமீற்றர் மழை பெய்யலாம் என்பது அளவீடுகளை வைத்துச் சொல்லும் 'ஃபோர்காஸ்ட்', அதாவது எதிர்வுகூறல். அதற்கு 'ஆரூடம்' என்று தலைப்பிடலாகாது. தீர்க்கதரிசனத்துக்கு 'பிராஃபெசி'. பெயர்ச்சொல்லாக வரும்போது ஈற்றொலி 'சி', வினையாக வரும்போது 'சை'. ஆங்கில எழுத்திலும் பெயருக்கு 'சீ', வினைக்கு 'எஸ்'. பரீட்சைத் தாளில் மாணவர் புள்ளி இழப்பது இந்த ஓரெழுத்தில்.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.