பிள்ளை பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கு எவ்வளவு கொடுப்பது?

அடியே சோடாபுட்டி,

உன் கடிதத்தைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. ஹாஸ்டலில் மெஸ் பில்லைப் பைசா சுத்தமாகப் பிரித்து எல்லாரையும் விரட்டி விரட்டி வசூல் பண்ணியவள் நீ, இப்போது எதிர்வீட்டுப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுப்பது என்று இரண்டு பக்கத்துக்குக் குழம்பி எழுதியிருக்கிறாய். மாமியார் ஆறு மாத விசா முடிந்து மதுரைக்குக் கிளம்பிப் போனபின் சனிக்கிழமை ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக்கூடப் போக முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, அது நன்றாகவே புரிகிறது. ஆறு வயது ஒன்று, இரண்டு வயது ஒன்று, அதுவும் சின்னது இன்னும் ராத்திரி எழுந்து அழுகிறது என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான், காசு கொடுத்தால் அந்த அம்மா தப்பாக நினைப்பாரோ" என்று கேட்டிருக்கிறாய். நினைத்தால் நினைக்கட்டும், நீ கொடு. என் பெண் இரண்டு வருஷமாக இந்த வேலைக்குப் போகிறாள், அதனால் எனக்கு மறுபக்கத்துக் கதையெல்லாம் தெரியும். ஒரு வீட்டில் (யார் என்று சொல்லமாட்டேன், உனக்கும் தெரிந்தவர்கள்தான்) சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிட்டுப் போனவர்கள் பதினொன்றரைக்குத் திரும்பி வந்து, இருபது டாலர் நோட்டு ஒன்றையும் ஒரு டப்பா மைசூர் பாக்கையும் கையில் திணித்துவிட்டு, "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிடா" என்றார்களாம். இத்தனைக்கும் சிங்க்கில் கிடந்த சாம்பார்ப் பாத்திரத்தையெல்லாம் வேறு இவள் தேய்த்து வைத்திருக்கிறாள், போகிற போக்கில் "முடிஞ்சா அதையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனதால். வீட்டுக்கு வந்து மைசூர் பாக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, "அம்மா, ஒரு மணிக்கு நாலு டாலர்கூட வரலை" என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். அவளுக்கு அழுகையெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த முறை அந்த வீட்டிலிருந்து மெசேஜ் வந்தபோது பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நஷ்டம் யாருக்கு?

இன்னொன்றையும் கவனித்திருக்கிறாயா? போன ஜனவரியில் பனி கொட்டியபோது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து எங்கள் டிரைவ்வேயை ஒரு மணி நேரத்தில் வாரிப்போட்டான், என் வீட்டுக்காரர் யோசிக்காமல் நாற்பது டாலர் எடுத்துக் கொடுத்தார். அதே தெருவில் ஒரு பெண் ஒரு ராத்திரி முழுக்கக் குழந்தைக்குச் சோறூட்டி, டயப்பர் மாற்றி, தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் மட்டும் அது "பாசம்" ஆகிவிடுகிறது. தீபாவளிப் பார்ட்டி வந்தால் இன்னும் மோசம். பெரியவர்களெல்லாம் மேலே பாட்டும் பிரியாணியுமாக இருப்பார்கள், கீழே பேஸ்மென்ட்டில் ஏழெட்டு வாண்டுகளை ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் தலையில் கட்டிவிடுவார்கள், அவள் தட்டு ஆறிப்போய்க் கிடக்கும். அதே வயதுப் பையன்கள் மாடியில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஊரில் சித்தி பெண்ணும் அத்தை பெண்ணும் நம்மைத் தூக்கி வளர்த்ததற்கு யாரும் காசு கொடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் அங்கே அந்தக் கணக்கு வேறு வழியில் தீர்ந்துவிடும், அவர்கள் கல்யாணத்துக்கு நம் வீடே போய் நிற்கும். இங்கே எதிர்வீட்டுக்காரர் அடுத்த வருஷம் வேலை மாறிச் சியாட்டில் போய்விட்டால் உன் கடன் அப்படியே நின்றுவிடும். அதனால் அன்றைய கணக்கை அன்றைக்கே தீர்த்துவிடு.

சட்டம் உனக்கு வழி காட்டும் என்று எதிர்பார்க்காதே. அமெரிக்காவில் 1974-இல் வீட்டு வேலை செய்பவர்களைக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோதே, எப்போதாவது வந்து பிள்ளை பார்த்துக்கொள்பவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். அப்படியே சட்டம் பொருந்தினாலும் உங்கள் டெக்ஸாஸில் அந்தத் தொகை மணிக்கு 7.25 டாலர், 2009-இலிருந்து ஒரு சென்ட் ஏறவில்லை. அதை அளவாக வைத்துக்கொண்டால் வெட்கக்கேடு. இங்கே நியூஜெர்சியில் 2025-இல் அது 15.49, எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 15-லிருந்து 20 வரை கொடுக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வேறு போக்கிடமும் கிடையாது என்பதை மறந்துவிடாதே. பதினாறு ஆகாத பிள்ளைகள் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் பள்ளி நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூடாது, கோடை விடுமுறையில்தான் ஒன்பது வரை என்று மத்தியச் சட்டமே இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி அவள் சம்பாதிக்க உன் வீடு மாதிரி ஒன்றிரண்டு வீடுகள்தான் இருக்கின்றன. அவளுக்கு வேறு வழியில்லை என்பதற்காக நாம் விலையைக் குறைக்கலாமா?

உன் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மணிக்கு 15-இல் ஆரம்பி. அவள் ரெட் கிராஸ் பேபிசிட்டிங் பயிற்சி எடுத்திருக்கிறாளா என்று கேள், பதினோரு வயதிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள், முதலுதவி, தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லித்தருகிறார்கள். எடுத்திருந்தால் இரண்டு டாலர் சேர்த்துக் கொடு. எடுக்கவில்லை என்றால் அந்தப் பயிற்சிக்கு நீயே பணம் கட்டு, இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளுக்கு அது பெரிய நிம்மதி. பிள்ளைகள் தூங்கிய பிறகு பாதிச் சம்பளம் என்று சிலர் பேசுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை தூங்குகிறது என்பதற்காக அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட முடியுமா? ஆறிலிருந்து பதினொன்று வரை என்றால் 75 டாலர். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அதைவிட அதிகம் ஆகும், வேலட் பார்க்கிங்குக்கு டிப்ஸ் வேறு.

தொகையை முன்னாலேயே சொல்லிவிடு, அதுதான் முக்கியம். "எவ்வளவும்மா வேணும்" என்று அவளிடம் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் வாயில் ஒரே பதில்தான் வரும், "பரவால்ல ஆண்ட்டி, எதுவானாலும் ஓகே". என் பெண்ணும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த மைசூர் பாக் ராத்திரிக்குப் பிறகு "ரெண்டு குழந்தைன்னா பதினெட்டு ஆண்ட்டி" என்று மெசேஜிலேயே அனுப்பப் பழகிவிட்டாள், ஆரம்பத்தில் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிவிடுவாள். பதில் என்ன வந்தது தெரியுமா? பெரும்பாலும் ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். கூச்சமெல்லாம் நம் பக்கம்தான் இருக்கிறது.

அப்புறம் பணத்தை அவள் கையில் கொடு, அவள் அம்மா கையில் கொடுக்காதே. அந்த அம்மா வாசலில் நின்று "ஐயோ, என்னங்க இது, நமக்குள்ள என்ன" என்று கையைப் பிடித்துத் தள்ளுவார், இரண்டு பேரும் பத்து நிமிஷம் மல்லுக்கட்டுவீர்கள், அந்தப் பெண் ஓரமாக நின்று தன் சம்பளம் அங்கும் இங்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் நாளே அந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டு, "இவ்வளவு கொடுப்பேன், வேண்டாம் என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. அடங்கிவிடுவார்.

பதினொன்று என்று சொல்லிவிட்டுப் பத்துக்கே வந்தாலும் பதினொன்று வரைக்கும் கொடு. பதினொன்றே காலுக்கு வந்தால் அரை மணியாக ஏற்றிக்கொள். அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பாதியாவது கொடுத்துவிடு, அவளும் எதையோ விட்டுவிட்டுத்தான் உனக்காக அந்த ராத்திரியை வைத்திருப்பாள். எதிர்வீடுதான் என்றாலும் கதவுவரை போய்க் கொண்டுவிட்டு வா. பாத்திரம், துணி மடிப்பது எதையும் சொல்லாதே, பிள்ளை சாப்பிட்ட தட்டைக் கழுவினால் போதும். நீ வீட்டிலேயே உட்கார்ந்து மீட்டிங்கில் இருக்கும்போது சின்னதோடு விளையாட மட்டும் ஆள் வேண்டும் என்றால் அது வேறு வேலை, அதற்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூடப் போதும், மணிக்கு ஏழெட்டு டாலர் கொடுத்தால் சந்தோஷமாக வருவாள்.

வரிக் கணக்கு என்று உன் வீட்டுக்காரர் பயப்படுகிறாராமே, பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பள்ளிப் பெண்ணுக்கு நீங்கள் சோஷியல் செக்யூரிட்டி வரியெல்லாம் பிடிக்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொல். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. பிள்ளைகள் சம்பாதித்த பணத்தை அவர்கள் பேரில் ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு, எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு என்று மகளுக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவள் அதில் இரண்டு வரி எழுதினாள், மீதிப் பணம் ஷூவுக்குப் போய்விட்டது.

இங்கே வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குத் திருச்சியில் இடது கண்ணுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று, இப்போது போனில் பேப்பரை வரிவிடாமல் வாசித்துக் காட்டுகிறார். வலது கண் டிசம்பரில் செய்யலாம் என்றார்கள், நான் போகலாம் என்று பார்க்கிறேன், டிக்கெட் விலைதான் இப்போதே மிரட்டுகிறது. நீயும் அந்த நேரத்தில் மதுரை போவதாக இருந்தால் தேதியைச் சொல்லு. அந்த ரிசப்ஷன் எந்தச் சனிக்கிழமை, போவதாக முடிவு பண்ணிவிட்டாயா? என்ன புடவை?

உன் பழைய ரூம்மேட்