இந்த வார வாசிப்பு: மத்தேயு 6:25–34

குழுவில் உள்ள அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

பத்தே வசனம்தான், ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். தினமும் காலையில் போனைக் கையில் எடுக்கும் முன் ஒருமுறை வாசியுங்கள். (இந்தக் குழுவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!)

ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள் என்று இயேசு சொன்னதை வெறும் உவமையாகத்தான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். போன வாரம் ஜன்னலோரம் நின்று நிஜமாகவே பார்த்தேன். ஒரு குருவி துரும்பு ஒன்றைத் தூக்கியது, தவறவிட்டது, திரும்பி வந்து மறுபடி எடுத்தது. சோம்பலும் இல்லை, பதற்றமும் இல்லை. வேலை செய்யாதே என்று அவர் சொல்லவில்லையே! நாளைய பாரத்தை இன்றே தூக்காதே என்கிறார், அவ்வளவுதான்.

முடிந்தால் யோவான் 15:11-ஐயும் சேர்த்து வாசியுங்கள். தம்முடைய சந்தோஷம் சீஷர்களிடம் நிலைத்திருக்க வேண்டும் என்று அவர் பேசியது, கைதான அதே இரவில். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

செய்து பார்க்க ஒன்று: பேச்சு நின்றுபோன ஒருவரை நீங்களே முதலில் கூப்பிடுங்கள் (மத்தேயு 5:23, 24). யார் பக்கம் தப்பு என்ற கணக்கு வேண்டாம்.

அனுபவத்தைச் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் குரல் பதிவாக அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும். ஃபார்வர்டு மட்டும் தயவுசெய்து வேண்டாம்.