உங்கள் ஆறரை, எங்கள் ஏழு

ஸ்விஃப்ட் கரண்ட்,
சஸ்காட்சுவான், கனடா.
புரட்டாசி முதல் வாரம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் உங்கள் மருமகனும் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அம்மாவை இரவு பதினொன்றரை வரை விழித்திருக்க விடாதீர்கள். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அதுதான் என்று கணக்குப் போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தம்பி சொன்னான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளலாமா? நீங்கள் மாலையில் விளக்கேற்றும் ஆறரைக்கு எங்களுக்குக் காலை ஏழு. நான் வேலைக்குக் கிளம்பும் முன் தாராளமாகப் பேசலாம். அது முடியாவிட்டால் உங்கள் காலை ஆறரை, எங்கள் இரவு ஏழு. உங்கள் கடிகாரத்தோடு அரை மணியைக் கூட்டி, பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றினால் போதும். நம் நாட்டு நேரத்தை 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவதால்தான் இந்த அரை மணி வந்து ஒட்டிக்கொள்கிறது.

டொராண்டோவில் இருக்கும் அத்தை மகன் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம் என்கிறானே, அது அவன் ஊர்க் கணக்கு. கனடாவில் பெரும்பாலான இடங்களில் மார்ச்சில் ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பரில் பின்னே தள்ளுவார்கள். சஸ்காட்சுவானில் இரண்டோர் ஊர்களைத் தவிர எங்கும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. எங்களுக்கு ஆண்டு முழுவதும் பதினொன்றரை மணிதான்.

கடிகாரம் மாறாவிட்டாலும் சூரியன் விடுவதில்லை. நம் விளாத்திகுளத்தில் தையானாலும் ஆடியானாலும் ஆறு, ஆறரைக்குள் பொழுது விடிந்துவிடும். இங்கே டிசம்பரில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் தலைகாட்டும், மாலை ஐந்துக்கெல்லாம் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும். முதல் கோடையில் எப்போது சமைப்பது, எப்போது தூங்குவது என்றே பிடிபடவில்லை. இப்போது ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டோம்.

அப்பா, நீங்கள் இந்த ஊரைப் பார்த்தால் அந்நியமாக நினைக்க மாட்டீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளமில்லாத நிலம். மரம் குறைவு, காற்று அதிகம். நம் ஊரைவிட மழையும் குறைவு, பெரும்பாலும் மானாவாரிதான். 1857 முதல் 1860 வரை இந்தப் பக்கம் ஆய்வு செய்த ஜான் பாலிசர், இந்த வறண்ட நிலம் விவசாயத்துக்கு ஏற்றதல்ல என்றுதான் சொல்லியிருந்தார். அதில்தான் இன்றைக்குக் கோதுமையும் பருப்பும் விளைகின்றன. காலையில் காபிக் கடையில் வயதான விவசாயிகள் கூடிவிடுவார்கள். பேச்சு முழுக்க மழை, விலை, டீசல், யார் வீட்டுப் பையன் நிலத்தை விட்டுப் போனான் என்பதுதான். வேலியில் மாட்டிய மழைமானியைப் பார்த்து இத்தனை மில்லிமீட்டர் என்பார்கள். நீங்கள் மண்ணைக் கிளறி ஈரம் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பீர்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பருப்பு ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். லாரியில் வரும் மைசூர் பருப்பில் கொஞ்சம் மாதிரி எடுத்து வெள்ளைத் தட்டில் கொட்டி, விளக்கு வெளிச்சத்தில் பரப்ப வேண்டும். உடைந்தது, தோல் சுருங்கியது, நிறம் மாறியது, சின்னக் கல் என்று இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எடை போட வேண்டும். அம்மா திண்ணையில் சுளகை வைத்துக்கொண்டு செய்த வேலைதான், சம்பளம் மட்டும் தனி. நம் ரேஷன் கடையில் துவரம் பருப்புக்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பு போட்டார்களே, நினைவிருக்கிறதா? வேகவில்லை என்று அம்மா அலுத்துக்கொள்வாள். கனடாவின் பருப்பில் பெரும்பகுதி இந்த மாகாணத்தில்தான் விளைகிறது. 2017 டிசம்பரில் இந்தியா 30 சதவீத இறக்குமதி வரி போட்டதை இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். டில்லியில் எடுக்கும் ஒரு முடிவு இவர்கள் வீட்டு அடுப்பையும் தொடுகிறது, நம் வீட்டு அடுப்பையும் தொடுகிறது.

பருவமும் தலைகீழ்தான். இங்கே மே மாதம் விதைத்துவிட்டு ஆகஸ்டில் பருப்பை அறுக்கத் தொடங்குகிறார்கள். பனி இறங்கி தாள் நமுத்துப்போகும் வரை நள்ளிரவிலும் அறுவடை இயந்திரம் ஓடும். இவர்கள் களஞ்சியத்தை மூடும் நேரத்தில் நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் தையில் உளுந்து அடிக்கும்போது இங்கே நிலமெல்லாம் உறைந்து கிடக்கும். காரின் எஞ்சின் உறையாமலிருக்க இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைப்போம்.

இவர்களிடம் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரைசோபியம் கலக்காமல் பருப்பு விதைப்பவரை இங்கே காண்பது அரிது. வீண் செலவு என்று நீங்கள் ஒதுக்கிய அதே நுண்ணுயிர் உரம்தான். வேளாண்மை விரிவாக்க மையத்தில் பாக்கெட்டாகக் கிடைக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, உளுந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்துப் பாருங்கள். முழு நிலமும் வேண்டாம், கிணற்றுப் பக்கத்து ஓர் ஏக்கரில் மட்டும் போதும். விதைக்கும் உரத்துக்கும் தம்பியின் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். முதல் மழை விழுந்ததும் போன் செய்யுங்கள். அன்றைக்கு மட்டும் நேரம் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்