சர்க்கரைக்கு ஒரு கவர், பிரஷருக்கு ஒரு கவர்

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் அப்பத்தா காட்டில் களையெடுக்கும்போது மயங்கி விழுந்தார். உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறியிருக்கிறது. 108 வந்து பார்த்தபோது சர்க்கரை 42-க்கு இறங்கியிருந்தது, ஆபத்தான அளவு.

அவருக்கு 74 வயது, எழுத்து தெரியாது. பச்சை மாத்திரை சர்க்கரைக்கு, வெள்ளை மாத்திரை பிரஷருக்கு என்று நிறத்தை வைத்தே இத்தனை வருடம் தவறாமல் போட்டுவந்தார். அந்த மாதம் எங்கள் சுகாதார நிலையத்துக்கு கிளிமிபிரைடு என்ற அந்த சர்க்கரை மாத்திரை வேறு கம்பெனியிலிருந்து வெள்ளையாக வந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. கத்தரித்த அட்டைத் துண்டுகள் எல்லாம் ஒரே காகிதக் கவரில், மேலே ஓர் எழுத்துகூட இல்லாமல். சுருக்குப்பையில் மிச்சமிருந்த பழைய பச்சையைப் போட்டவர், பிரஷர் மாத்திரை என்று நினைத்து புது வெள்ளையையும் விழுங்கிவிட்டார். வயிற்றில் இருந்தது அரை டம்ளர் கஞ்சி. இந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள்வரை இருக்கும் என்று ராத்திரி முழுக்க வார்டில் வைத்திருந்தார்கள்.

தெளிந்ததும் அப்பத்தா கேட்டது, "நான் கணக்காத்தானப்பா போட்டேன்?"

கணக்காகத்தான் போட்டார். மாற்றியதை அவரிடம் சொல்லாதது யார்?

மருந்தாளுநரைக் குறை சொல்லவில்லை. வாசல்வரை நிற்கும் வரிசைக்கு அவர் ஒருவர்தான். நான் கேட்பது இதுதான்: சர்க்கரைக்கு ஒரு நிறத்தில் கவர், பிரஷருக்கு இன்னொரு நிறத்தில் கவர். மாத்திரையின் நிறம் மாறினாலும் கவரின் நிறம் மாறக்கூடாது. மாத்திரை மாறும் மாதம் வாயால் சொல்லி, மிச்சமிருக்கும் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. பெரிய உதவி. 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டு மருந்துகளுக்கு கியூஆர் கோடு கட்டாயமாக்கியிருக்கிறார்கள். சரி, பட்டன் போன்கூட இல்லாத அப்பத்தா அதை வைத்து என்ன செய்வார்? அட்டையில் பெயர் இங்கிலீஷில், அதுவும் கடுகளவு எழுத்தில். காலாவதித் தேதி கத்தரியோடு போய்விடுகிறது. ரேஷன், பென்ஷன் என்று எங்கு போனாலும் இவர்களுக்கு இதே கதைதான். படிக்கத் தெரியாதவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே யார் நினைவிலும் இல்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அப்பத்தாவுக்கு இரண்டு நிறத் துணியில் பை தைத்துக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் பிள்ளைகள் இல்லாமல் தனியாக இருக்கும் கிழவிகள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர். அடுத்த மாத மருந்துக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதற்குள் எங்கள் சுகாதார நிலையத்திலாவது அந்த இரண்டு நிறக் கவர்களைத் தொடங்கிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேரன்