நுண்ணுயிர்ப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்

பன்றித் தீவனமும், குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களான புரோபயாட்டிக்கும் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பன்றி வளர்ப்பில் ஆகும் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போய்விடுகிறது. அதனால்தான் தவிடு, பிண்ணாக்கு, மரவள்ளியில் மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி, பீர் ஆலைச் சக்கை என்று கிடைப்பதைக் கலந்து சமாளிக்கிறோம்.

இவற்றின் குணம் எங்களுக்குப் பழகிப்போனதுதான். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டை ஆலையிலிருந்து வந்த சில நாள் கழித்து ஒரு கை அள்ளி முகர்ந்தால் சிக்கு வாடை அடிக்கும். அதிலுள்ள கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் கெடும். பீர்ச் சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர், வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் என்றால் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சின் பயம். மரவள்ளித் தோலைக் காயவைத்தோ புளிக்கவைத்தோ சயனைடைக் குறைக்காமல் கொடுக்க முடியாது. நார் அதிகமானாலும் வளர்ந்த பன்றியும் தாய்ப்பன்றியும் பெருங்குடலில் நொதிக்கவைத்துக் கொஞ்சம் சத்து எடுத்துக்கொள்ளும். பால் மறந்த குட்டிக்கு அது முடியாது, கழிச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அந்தக் குட்டிகளுக்காகத்தான் உங்கள் புரோபயாட்டிக்கை வாங்குகிறோம். பொட்டலத்தில் நுண்ணுயிரின் பெயரைச் சொல்லாமல் ‘நன்மை தரும் நுண்ணுயிர்கள் நிறைந்தது’ என்று போட்டிருக்கிறீர்கள். எந்த நுண்ணுயிர்? லாக்டோபாசில்லஸா, பேசில்லஸா, ஈஸ்டா? இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. தீவனத்தைக் குச்சியாக்கும் இயந்திரத்தில் சூடு பெரும்பாலும் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பேசில்லஸ் கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்து வடிவில் இருப்பதால் அந்தச் சூட்டைத் தாங்கும். பாதுகாப்புப் பூச்சு இல்லாத லாக்டோபாசில்லஸ் பெரும்பாலும் செத்துப்போகும். அதைக் கலந்து குச்சியாக்கி விற்றால் நாங்கள் காசு கொடுத்து வாங்குவது பிணத்தைத்தான்.

அப்புறம், கிராமுக்கு இத்தனை கோடி உயிர் என்று போடுகிறீர்களே, அது தயாரித்த அன்றைய கணக்கா, காலாவதி நாளன்றும் இருக்குமா? வெக்கையான கொட்டகையில் கிடக்கும் மூட்டைக்கு இரண்டும் ஒன்றல்ல. தீவனத்திலோ தண்ணீரிலோ ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களில் இதையும் போடலாமா என்று ஒரு வரிகூட இல்லை.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தப் பொருள்கள் இவ்வளவு விற்கின்றன, சரி. ஆனால் தவிட்டிலும் திப்பியிலும் வளர்ச்சிக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலம் போதாது, தவிட்டிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பன்றியால் செரிக்க முடியாத பைட்டேட் என்ற சேர்மத்தில் சிக்கிக் கிடக்கிறது. புரோபயாட்டிக் மட்டும் அதைச் சரிசெய்துவிடும் என்று உங்கள் விற்பனையாளர்கள் சொல்வதை நிறுத்துங்கள். உங்கள் கலவையில் லைசினும், பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதியும் இருந்தால் எவ்வளவு என்று போடுங்கள்.

நுண்ணுயிரின் இனமும் வகை எண்ணும், காலாவதி நாளில் மிஞ்சும் எண்ணிக்கை, வைக்க வேண்டிய வெப்பநிலை, எந்த வயதுக்கு எவ்வளவு என்பது: அடுத்த அச்சிலேயே இவை வேண்டும். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். சிரிக்கிற பன்றிக்குட்டிப் படத்தைப் பாதியாகச் சுருக்கினால் எல்லாமே அடங்கும்.

இப்படிக்கு,
சொந்தமாகத் தீவனம் கலக்கும் ஒரு பன்றி வளர்ப்பாளர்