பத்திரத்தைப் படித்துவிட்டு வீட்டை வாங்கு

அன்பு மகளுக்கு,

புரூக்ளினில் நீங்கள் பார்த்திருக்கும் வீட்டின் படங்கள் வந்து சேர்ந்தன. அந்த உயரமான முன்படிகளும் காவி நிறக் கல்முகப்பும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. மாப்பிள்ளைக்கும் பிடித்திருப்பதில் சந்தோஷம். வாங்குங்கள். வாங்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடு.

கல்லை நம்பி மயங்காதே. சுவர் செங்கல்தான், முகப்பில் மட்டும் சில அங்குலக் கனத்துக்கு மணற்கல் பலகை. அந்நாளில் நியூயார்க் வீடுகளுக்கு இந்தக் கல் பெரும்பாலும் கனெக்டிகட்டின் போர்ட்லண்ட் குவாரிகளிலிருந்து வந்தது. பூமியில் படுத்த வாக்கில் கிடந்த அடுக்குகளை முகப்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டியதால், இடுக்கில் தண்ணீர் இறங்கிக் குளிரில் உறைந்து, கல் ஏடு ஏடாக உரிகிறது. படத்தில் ஜன்னலுக்குக் கீழே தெரிவது அதுதான். பரிசோதிக்க வருபவரை முகப்பைத் தட்டிப் பார்க்கச் சொல். பக்கச்சுவர்கள் அண்டை வீட்டோடு பொது. உத்தரங்களின் முனைகள் அவற்றில்தான் உட்கார்ந்திருக்கும், அங்கே ஈரம் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். நகரம் வரலாற்றுப் பகுதி என்று அறிவித்த எல்லைக்குள் வருகிற வீடென்றால், முகப்பில் கைவைக்க நகரின் அனுமதி வேண்டும்.

கல்லைச் சரிசெய்துவிடலாம். பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் அப்படி முடியாது. பதிவு ஆபீஸில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், விலை ஏறுகிற ஊரில்தான் மோசடிப் பத்திரமும் பெருகும்.

வீடு இருக்கிற பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியின் கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1930களில் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு போட்ட வரைபடத்தில் அந்தப் பகுதிக்குச் சிவப்பு வண்ணம். அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். கறுப்பின மக்கள் குடியிருந்தது அதற்கு முக்கியமான காரணம். 1936-ல் சுரங்க ரயில் வந்தபின் மன்ஹாட்டனின் ஹார்லெமிலிருந்து இன்னும் பல கறுப்பின மக்கள் வந்தார்கள். வங்கிகள் கைவிட்ட தெருக்களில், அறை அறையாக வாடகைக்கு விட்டுத் தவணை கட்டி, அந்த வீடுகளை இடியாமல் நிறுத்தியவர்கள் அவர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோமை 1968-ல் தேர்ந்தெடுத்து அனுப்பியது அந்தத் தொகுதிதான்.

இன்று அதே வீடுகள் பல லட்சம் டாலர். வயதானவர்களிடம் கையெழுத்து வாங்கியும், போலிக் கையெழுத்துப் போட்டும் வீட்டையே எழுதிக்கொண்ட வழக்குகள் புரூக்ளினில் ஏராளம். பத்திரத் திருட்டைத் தனிக் குற்றமாக்கும் நியூயார்க் சட்டம் 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்னொரு வழியும் உண்டு. வாரிசுகளில் ஒருவரின் பிரிபடாத பாகத்தை மலிவாக வாங்கிக்கொண்டு, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு முழு வீட்டையும் ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். நம் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

விற்பவர், காலமான பாட்டியின் பேரன் என்றாய். அவர் ஒருவர்தான் வாரிசா? பாட்டி உயில் எழுதினாரா, நீதிமன்றம் அதை ஏற்றதா? நகரப் பதிவேட்டில் 1966 முதலான ஆவணங்களை இணையத்திலேயே பார்க்கலாம். பாட்டி பெயருக்கு வந்த கிரயப் பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் படி. கடைசி சில ஆண்டுகளில், தள்ளாத வயதில், யார் பெயருக்காவது மாற்றம் நடந்திருந்தால் அங்கே நின்றுவிடு. வீட்டின் உரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் ஈடுகட்டும் பாத்தியதைக் காப்பீடு எடுப்பீர்கள், அது உன் பணத்தைக் காக்கும். ஒரு குடும்பம் ஏமாற்றப்பட்ட வீட்டில் நீ குடியேறாமல் காப்பது உன் வேலை.

கீழ்த்தளத்தில் நெடுநாளாகக் குடியிருக்கும் அந்த அம்மாளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கிரயத்துக்குள் காலி செய்து தருவதாகத் தரகர் சொன்னாராமே. எப்படிக் காலி செய்வார்கள் என்று கேட்டாயா? அந்த ஷரத்தே வேண்டாம், அம்மா. மேல் தளங்கள் உங்கள் இருவருக்கும் தாராளம். இப்போதைய வாடகைக்கே அவர் இருக்கட்டும். தெருவே யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய காலத்தில் அங்கே வாழ்ந்தவர், அது எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்ட காலத்தில் ஏன் போக வேண்டும்? நீயே நேரில் போய், நாங்கள்தான் வாங்கப்போகிறோம், நீங்கள் இருங்கள் என்று சொல்லிவிடு.

அதனால் தவணைக்கு இடிக்கும் என்றால் கூச்சப்படாமல் சொல். மனை விற்ற பணம் வங்கியில்தான் இருக்கிறது, அம்மாவிடமும் பேசிவிட்டேன்.

முன்பணம் பத்து சதவீதம் கொடுத்துக் கையெழுத்துப் போடும் முன், வக்கீல் தயாரித்த ஒப்பந்த வரைவை எனக்கு அனுப்பு. மறுநாளே படித்துவிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா